ஓடு துறந்த கடல் நத்தைகளும் அவற்றின் நஞ்சும்

இரண்டாமாண்டு இளம் அறிவியல் (விலங்கியல்)

சமயபுரம் மாரியம்மன் கோயிலுக்கு வந்தவர்கள், கோயிலுக்குப் போகும் வழியில் உப்பையும் மிளகையும் பொட்டலம் கட்டி விற்கும் கடைகளைப் பார்த்திருப்பார்கள். அவற்றுள் ஒரு கடை எங்களுடையது. நோய் நீங்க நேர்ந்துகொண்டவர்கள் அந்தப் பொட்டலத்தை வாங்கிச் சென்று அம்மனுக்குக் கொட்டுவார்கள். பூச்சொரிதல் தொடங்கிச் சித்திரைத் தேர் முடியும்வரை வியாபாரம் நன்றாக நடக்கும். அந்த வியாபாரத்தில்தான் நான் கல்லூரிக்கு வந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கடையின் பின்சுவரில் ஓடில்லாத நத்தைகள் ஏறி வரும். எங்கள் தெருவில் அவற்றையும் அட்டை என்றே சொல்வோம். அம்மா மூட்டையிலிருந்து ஒரு பிடி உப்பை எடுத்துத் தூவுவார். நத்தை நுரை தள்ளிச் சுருண்டு, சற்று நேரத்தில் ஈரக் கறையாகிவிடும். முதுகில் ஓடு இருந்திருந்தால் உள்ளே போய்ப் பிழைத்திருக்குமே என்று சிறு வயதில் நான் நினைத்துக்கொள்வேன்.

இந்த நினைவு மெல்லுடலிகள் பாடம் நடந்தபோது திரும்ப வந்தது. சிப்பி, சங்கு, நத்தை என்று ஓட்டின் பெருமையைப் பேசிவந்த பாடநூல், கடலில் வாழும் சில வயிற்றுக்காலிகளில் ஓடு குறைந்தோ மறைந்தோ போயிற்று என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. நான் எழுந்து, "ஐயா, கடல் முழுவதும் மீனும் நண்டும் வாயைத் திறந்துகொண்டிருக்கும்போது ஓடில்லாத பிராணி எப்படி உயிரோடு இருக்கிறது?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. "மண்டபத்துக்குச் சுற்றுலா போகிறோம் அல்லவா, அங்கே அதனிடமே கேட்டுக்கொள்" என்றார்.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். நம் தோட்டத்து நத்தை உப்பில் மடிவது சவ்வூடு பரவலால். உடலின் நீர் வெளியே இழுக்கப்பட்டுவிடுகிறது. கடல் நத்தைக்கு அந்தப் பயம் இல்லை. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. கடல் நத்தையின் உடல் திரவமும் ஏறக்குறைய அதே செறிவில்தான் இருக்கிறது. அதற்கு உப்பு பகையன்று, பல்தான் பகை. அந்தப் பல்லுக்கு அது என்ன பதில் வைத்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மண்டபத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வற்று நேரம். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1971ஆம் ஆண்டில் கொச்சிக்கு மாறும்வரை இந்தச் சிற்றூரைத்தான் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. இன்றும் அங்கே அதன் வட்டார மையம் இருக்கிறது. எதிரே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா; 1986ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. எங்கள் குழு கரையோரத்தில்தான் நின்றது. முழங்கால் நீரில் பெண்கள் சிலர் மரிக்கொழுந்துப் பாசி அரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் கடற்புல் நடுவே ஒரு சாண் நீளத்தில், பச்சையும் பழுப்புமாக, மரு மருவாக, பின்பக்கம் கத்தியால் சாய்வாக நறுக்கியதுபோல ஒரு பிராணி கிடந்தது. தலையில் முயல் காதைப்போல் இரண்டு உணர்கொம்புகள். ஆர்வக் கோளாறில் கையில் எடுத்துவிட்டேன். அடுத்த கணம் கை நிறைய ஊதாச் சாயம்!

"அத ஏன் தாயி தூக்குற? சாயத்தக் கக்கிப்புடும். தண்ணியிலயே விட்டுரு" என்றார் பாசி அரித்துக்கொண்டிருந்த அக்கா. விட்டுவிட்டேன். நீரில் ஊதா மேகம் ஒன்று விரிந்தது. அது கரைவதற்குள் பிராணி புல்லுக்குள் மறைந்துவிட்டது. ஊர் வந்து சேரும்வரை என் நகக்கண்ணில் அந்த நிறம் இருந்தது.

அதுதான் கடல் முயல். அறிவியற்பெயர் டோலபெல்லா ஆரிக்குலேரியா. டோலபெல்லா என்றால் இலத்தீனில் சிறு கோடரி. உடலுக்குள்ளே புதைந்து கிடக்கும் மெல்லிய ஓட்டுத் துண்டின் வடிவத்தை வைத்து இட்ட பெயர். ஆம், கடல் முயல் ஓட்டை முழுவதும் விடவில்லை. வெளியே போட்டிருந்த வீட்டை உள்ளே மடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. பூச்செவுளிகள் எனத்தக்க வண்ணக் கடல் நத்தைகளோ முட்டையிலிருந்து வெளிவரும்போது முதுகில் சுருண்ட ஓட்டோடு நீந்துகின்றன. வளர்ந்து தரையில் இறங்கும்போது அந்த ஓட்டைக் கழற்றி எறிந்துவிடுகின்றன. ஆகவே அவை ஓடு வாய்க்காத பிராணிகள் அல்ல. ஓடு துறந்த பிராணிகள்.

கடல் முயலுக்குப் பழைய காலத்தில் இருந்த கெட்ட பெயர் கொஞ்சமல்ல. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி, இந்தியக் கடலில் கிடைக்கும் கடல் முயல் தொட்டாலே நஞ்சு என்றும், உடனே வாந்தியும் வயிற்றுக் கோளாறும் உண்டாக்கும் என்றும் தம் இயற்கை வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். உரோமப் பேரரசன் தீத்துவை அவன் தம்பி தொமித்தியன் கடல் முயலைக் கொண்டே கொன்றான் என்று பிலோஸ்திராத்து எழுதினார். இரண்டாம் நூற்றாண்டில் அப்புலேயு என்ற எழுத்தாளர் மீது மாந்திரீகக் குற்றம் சாட்டப்பட்டபோது, அவர் கடல் முயலைத் தேடி வாங்கினார் என்பதும் குற்றப் பட்டியலில் சேர்ந்தது. அவரோ, அறுத்துப் பார்த்து ஆராயவே வாங்கினேன் என்றார். விலங்கியல் மாணவர்கள் அவருக்கு ஒரு வணக்கம் சொல்லலாம்!

இந்தியக் கடல் முயலைத் தொட்டவள் என்ற தகுதியில் நான் சாட்சி சொல்கிறேன்: வாந்தி வரவில்லை. பிலிப்பைன்சில் இதே டோலபெல்லாவின் முட்டைச் சரத்தை, இடியாப்பம்போல் பச்சையாகச் சுருண்டிருப்பதை, லூகோட் என்ற பெயரில் உண்கிறார்கள். ஆனால் ஃபிஜித் தீவில் கடல் முயலைத் தின்று நோயுற்றவர்களும் உண்டு. தொடுவது வேறு, தின்பது வேறு. நியூசிலாந்தின் ஆக்லாந்து கடற்கரைகளில் 2009ஆம் ஆண்டில் உலாவப் போன நாய்கள் சில திடீரெனச் செத்து விழுந்தன. கரையொதுங்கிய சாம்பல் நிறக் கடல் நத்தையை அவை கடித்திருந்தன. அதன் உடலில் இருந்தது டெட்ரோடோடாக்சின். நம் கரையில் வலையில் விழுந்தால் மீனவர்கள் தூக்கி எறியும் பேத்தை மீனில் இருக்கும் அதே நஞ்சு. நரம்பில் சோடியம் அயனி போகும் வழியை அது அடைத்துவிடும். மூச்சுத் தசை நின்றுவிடும்.

இனி என் கையில் ஏறிய சாயத்துக்கு வருகிறேன். கடல் முயல் சிவப்புப் பாசியைத் தின்கிறது. பாசிக்கு அந்தச் சிவப்பைத் தருவது ஃபைகோஎரித்ரின் என்ற புரதம். கடல் முயல் அந்தப் புரதத்தின் நிறப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, சிறிது மாற்றி, மைச்சுரப்பியில் சேமிக்கிறது. ஏப்லிசியா என்ற கடல் முயலுக்குப் பச்சைப் பாசியை மட்டும் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். அதனால் ஊதா மை தயாரிக்க முடியவில்லை! சரக்கு வராவிட்டால் கடை காலி. மைச்சுரப்பிக்குப் பக்கத்தில் இன்னொரு சுரப்பி, வெண்மையான பிசுபிசுப்பை வெளிவிடுகிறது. இரண்டும் கலந்த கலவையில் சிங்கி இறாலுக்குப் பிடித்த அமினோ அமிலங்கள் நிறைந்திருக்கின்றன என்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2005ஆம் ஆண்டில் காட்டினார்கள். கடல் முயலைப் பிடித்த சிங்கி இறால், அதை விட்டுவிட்டு மையை வாரி வாரித் தின்ன முயல்கிறது. திருடனுக்கு முன்னால் சில்லறையை இறைத்துவிட்டு ஓடுவதைப்போல.

இங்கே எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. இந்த நத்தைகளின் நஞ்சு சொந்தச் சரக்கா, இரவல் சரக்கா?

இதற்கு முதலில் விடை கிடைத்த பிராணி ஃபில்லிடியா. கருநீல வரிகளுக்கு நடுவே மஞ்சள் முனையுள்ள கொப்புளங்களோடு இருக்கும் சிறு நத்தை. மன்னார் வளைகுடாவிலும் இலட்சத்தீவிலும் உண்டு. பட்டப்பகலில், திறந்த பாறையின்மேல், யாரைப் பற்றியும் கவலைப்படாமல் ஊரும். ஹவாய்த் தீவில் ஜோஹான்னஸ் என்ற ஆராய்ச்சியாளர் இதைத் தொட்டியில் மற்றப் பிராணிகளோடு விட்டார். இது சுரந்த திரவத்தில் மீனும் நண்டினங்களும் மடிந்தன. அவர் அதை 1963ஆம் ஆண்டில் எழுதினார். திரவத்துக்குக் கடுமையான ஒரு வாடை இருந்தது. பிறகு பால் ஷோயர் என்ற வேதியியலாரின் குழு, ஹவாயில் புப்புக்கேயா என்ற கடற்கரையில் ஃபில்லிடியா ஒரு வெள்ளைக் கடற்பஞ்சைத் தின்பதைக் கவனித்தது. பஞ்சை எடுத்து ஆராய்ந்தார்கள். நத்தையிடம் இருந்த அதே சேர்மம் பஞ்சிலும் இருந்தது! அந்தக் கரையின் பெயரையே சேர்த்து ஐசோசயனோபுப்புக்கேனேன் என்று பெயரிட்டு 1975ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஐசோசயனைடு என்றதும் வேதியியல் நண்பர்களுக்கு மூக்கு சுளித்திருக்கும். கார்பைலமின் சோதனையில் குளோரோபாரமும் பொட்டாசும் அமீனும் சேர்ந்து ஆய்வுக்கூடத்தையே காலி செய்யவைக்கும் நாற்றம் இருக்கிறதே, அதே இனம். நாம் அரை நிமிடம் தாங்க மாட்டோம். ஃபில்லிடியா அதை உடம்பில் பூசிக்கொண்டு வாழ்கிறது.

ஆக, இரவல் சரக்குதான். கடற்பஞ்சு ஓடியோடித் தப்பிக்க முடியாத பிராணி. தன்னைத் தின்ன வருபவர்களுக்காக நஞ்சைச் செய்துவைத்திருக்கிறது. நத்தையோ அந்த நஞ்சைத் தின்று, தானும் சாகாமல், தன் பாதுகாப்புக்கே வைத்துக்கொள்கிறது. எங்கே வைக்கிறது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. குரோமோடோரிஸ் என்ற வண்ண நத்தைகள் லாட்ரன்குலின் என்ற நஞ்சை உடலின் விளிம்பில் திரட்டி வைக்கின்றன என்று 2016ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். மீன் முதலில் வாய்வைக்கும் இடம் விளிம்புதானே! கடித்த மீன் துப்பிவிடுகிறது. அந்த நிறத்தையும் மறப்பதில்லை. 2023ஆம் ஆண்டு டிசம்பரில், மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னை பெசன்ட் நகர்க் கரையில் ஒதுங்கி எல்லாரும் படம் பிடித்த நீல டிராகன் இதே தொழிலை வேறு விதமாகச் செய்கிறது. அது சொறி இனத்தைத் தின்று, அதன் கொட்டும் செல்களைச் செரிக்காமல் எடுத்துத் தன் விரல் நுனிகளில் பொருத்திக்கொள்கிறது. அழகாக இருக்கிறதே என்று யாரும் உள்ளங்கையில் வைக்க வேண்டாம். என்னைப்போல் சாயத்தோடு தப்ப முடியாது.

எல்லாமே இரவலா என்றால், இல்லை. சிலவற்றுக்குச் சொந்தத் தொழிற்சாலை உண்டு. பக்கச்செவுள் நத்தைகள் சில கந்தக அமிலத்தையே சுரக்கின்றன. ஹைட்ரஜன் அயனிச் செறிவெண் ஒன்று, இரண்டு என்ற அளவுக்கு. பியூரெட்டில் நாம் அஞ்சி அஞ்சி ஊற்றுவதை அவை தோலில் வைத்திருக்கின்றன. ஆனால் என்னை மிகவும் கவர்ந்தது டென்ட்ரோடோரிஸ். இந்தப் பேரினத்தின் இனங்கள் நம் கரையிலும் உண்டு. மத்தியதரைக் கடலில் வாழும் ஓர் இனத்தை இத்தாலிய வேதியியலார் ஆராய்ந்தார்கள். அதனிடம் பாலிகோடியல் என்ற சேர்மம் இருந்தது. இது நீர்மிளகு என்ற செடியில் இருக்கும் காரப் பொருள். நாக்கில் பட்டால் மிளகைப்போல் எரியும், மீன் துப்பிவிடும். நத்தை இதை எங்கிருந்து பெற்றது? கதிரியக்கக் கார்பனால் அடையாளமிட்ட மெவலோனிக் அமிலத்தை நத்தைக்கு ஊசியில் ஏற்றினார்கள். சில நாட்களில் அந்த அடையாளம் பாலிகோடியலில் வந்து நின்றது. வெளியிலிருந்து வாங்கவில்லை; உள்ளேயே செய்கிறது! இது 1983ஆம் ஆண்டில் வெளிவந்தது. இன்னொரு வேடிக்கை: பாலிகோடியல் அந்த நத்தைக்கே கெடுதல். ஆகையால் அதை மறைத்த வடிவத்தில், காரம் வெளிப்படாதபடி பொட்டலம் கட்டி வைத்திருக்கிறது. யாராவது கடித்தால்தான் பொட்டலம் அவிழ்கிறது.

இதை வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டுக்கொண்டே மிளகு அளந்துகொண்டிருந்தார். "மொளகு விக்கிற வெலைக்கு அதுல நாலு புடிச்சுட்டு வந்திருக்கலாம்ல" என்றார்.

இப்போது என் பழைய கேள்விக்கு வருகிறேன். ஓட்டை இழந்த நத்தை, வேறு வழியில்லாமல் நஞ்சைத் தேடிக்கொண்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தால் வரிசையே தலைகீழ். ஃபாக்னர், கிசெலின் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1983ஆம் ஆண்டில் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். முதலில் வந்தது நஞ்சு. பிறகே ஓடு போயிற்று என்பது அது. ஓடு செய்யச் செலவு அதிகம். தூக்கித் திரியப் பாரம். சந்துகளில் நுழைய இடைஞ்சல். தின்னும் உணவிலிருந்தே காவல் கிடைத்துவிட்டால் அந்தச் செலவு எதற்கு? சான்று கேட்பீர்கள். ஆக்சினோ என்ற சிறு நத்தைக்கு இன்னும் முதுகில் மெல்லிய ஓடு இருக்கிறது. ஆனால் அது கௌலெர்ப்பா என்ற பச்சைப் பாசியைத் தின்று, அந்தப் பாசியின் நஞ்சை மாற்றித் தன் காவலுக்கு வைத்துக்கொண்டும் இருக்கிறது. அதாவது ஓடும் இருக்கிறது, நஞ்சும் இருக்கிறது. அந்தப் பாதையில் அடுத்த அடி வைத்த உறவினர்களிடம் ஓடு இல்லை. பாடநூலின் அந்த ஒற்றை வரியில் ஓர் இழப்பு மட்டுமே எழுதியிருந்தது. எனக்கு இப்போது அது ஒரு வரவுசெலவுக் கணக்காகத் தெரிகிறது.

நண்பர்களே, இதுவரை சொன்னதை நான் தேர்வுக்காகவும் படித்திருக்கலாம். ஆனால் வேறொரு காரணமும் உண்டு. நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது என் சித்தப்பாவுக்குக் கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி வந்தது. வலி இல்லை. சளி என்றார்கள், பல் என்றார்கள். நாங்கள் அம்மனுக்கு உப்பு மிளகு போட்டோம், மருத்துவமனைக்கும் போனோம். ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்று என்று தெரிந்தது. நான்கு மருந்துகள் சேர்ந்த சிகிச்சை. அவற்றுள் ஒன்று சிவப்பாக இருக்கும். அது இறங்கும்போது சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். மற்றொன்று வின்பிளாஸ்டின். இரண்டாம் ஆண்டில்தான் எனக்குத் தெரியவந்தது, அது நம் வீட்டு வேலியோரம் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்தது என்று. கனடாவில் நோபிள், பியர் என்ற இருவர் 1958ஆம் ஆண்டில் அதைப் பிரித்தெடுத்தார்கள்.

வின்பிளாஸ்டின் என்ன செய்கிறது? வெங்காய வேர் நுனியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறோம். நடுவில் நிறப்புரிகள் வரிசையாக நிற்கும்; இரு முனைகளிலிருந்தும் கதிரிழைகள் அவற்றைப் பிடித்து இழுக்கும். அந்த இழைகள் டியூபுலின் என்ற புரதத்தை அடுக்கி அடுக்கிக் கட்டியவை. வின்பிளாஸ்டின் அந்த அடுக்குதலைத் தடுத்துவிடுகிறது. இழை இல்லை என்றால் செல் பிரிய முடியாது. பிரிந்துகொண்டே இருக்கும் புற்றுச் செல் முதலில் மடிகிறது.

மண்டபத்திலிருந்து திரும்பி, நூலகத்தில் டோலபெல்லாவைத் தேடியபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெட்டிட் என்ற வேதியியலார், பழைய உரோமானியர் எழுதிவைத்த நஞ்சுக் கதையை மனத்தில் கொண்டு, 1972ஆம் ஆண்டில் இந்துமாக்கடலின் மொரீசியசில் டோலபெல்லா ஆரிக்குலேரியாவைச் சேகரித்திருக்கிறார். என் கையில் சாயம் கக்கியதே, அதே இனம். நூறு கிலோ கடல் முயலை ஆராய்ந்தால் வேண்டிய பொருள் கிடைப்பது சில மில்லிகிராம்தான். பதினைந்து ஆண்டு உழைப்புக்குப் பின் 1987ஆம் ஆண்டில் டோலாஸ்டாட்டின் 10 என்ற சேர்மத்தின் அமைப்பை வெளியிட்டார். அதுவும் டியூபுலினைத்தான் தாக்குகிறது. வின்பிளாஸ்டின் ஒட்டும் இடத்துக்கு அருகிலேயே. செடி ஒன்றும் கடல் பிராணி ஒன்றும் ஒரே பூட்டுக்கு வெவ்வேறு சாவி செய்திருக்கின்றன.

மருந்தானது எளிதில் நடக்கவில்லை. டோலாஸ்டாட்டினை அப்படியே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பயன் குறைவு, தீங்கு அதிகம். நல்ல செல்லுக்கும் கெட்ட செல்லுக்கும் அதற்கு வேறுபாடு தெரியவில்லை. பிறகு அதன் சாயலில் ஆய்வுக்கூடத்தில் ஒரு சேர்மத்தைச் செய்து, ஹாட்ஜ்கின் புற்றுச் செல்லின் மேற்பரப்பில் உள்ள சி.டி. 30 என்ற புரதத்தைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளோடு இணைத்தார்கள். விலாசம் எழுதிய பார்சலைப்போல அது உரிய வீட்டில் போய்த்தான் பிரிகிறது. அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டில் நோய் திரும்பியவர்களுக்கும், 2018ஆம் ஆண்டில் முற்றிய நிலையில் முதன்முறை சிகிச்சை பெறுபவர்களுக்கும் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. இந்த இரண்டாவது வகையில், சித்தப்பா வாங்கிய நான்கில் ஒன்றை நீக்கிவிட்டு இதைச் சேர்க்கிறார்கள். வின்பிளாஸ்டின் அப்படியே இருக்கிறது. ஆகவே ஒரே நோயாளியின் நரம்பில் நித்தியகல்யாணியின் சரக்கும் கடல் முயலின் சாயலும் ஒன்றாக இறங்குகின்றன.

கடல் முயலின் சாயல் என்றேனே, அதுவும் சரியன்று. மேற்குப் பசிபிக்கின் பலாவுத் தீவில் எடுத்த சிம்ப்ளோக்கா என்ற நீலப்பசும் நுண்ணுயிரிலிருந்தே டோலாஸ்டாட்டின் 10 கிடைத்தது என்று 2001ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். முயல் அதைத் தின்று சேர்த்துவைத்திருந்தது, அவ்வளவே. இங்கேயும் இரவல்! பாறைமேல் வழுக்கும் படலமாகப் படிந்திருக்கும் நுண்ணுயிர், அதை மேயும் முயல், அதைத் தேடிப்போன மனிதர், அவருக்கு வழிகாட்டிய ஒரு பழைய உரோமானியப் புத்தகம்; யார் செய்த மருந்து என்று எழுதுவது?

நம் நாட்டாரும் சும்மா இருக்கவில்லை. மன்னார் வளைகுடாவிலும் காணப்படும் ஜொருன்னா ஃபியூனெப்ரிஸ் என்ற வெள்ளையில் கறுப்புத் திட்டுடைய நத்தையிலிருந்து ஜொருமைசின் என்ற புற்றெதிர்ப் பொருளை, கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தாரும் இத்தாலியரும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் அறிவித்தனர். பர்சட்டெல்லா என்ற முடி முடியான கடல் முயலின் ஊதா மையிலிருந்து எய்ட்ஸ் கிருமியை எதிர்க்கும் ஒரு புரதத்தைப் பரங்கிப்பேட்டை ஆராய்ச்சியாளர்கள் 2002ஆம் ஆண்டில் பிரித்துக் காட்டினர். இவை ஆய்வுக்கூட முடிவுகள். மருந்துக் கடைக்கு இன்னும் வரவில்லை.

சித்தப்பா நன்றாக இருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போய்வருகிறார். ஒருமுறை மருத்துவரிடம், நோய் திரும்பினால் என்ன செய்வது என்று நான்தான் கேட்டேன். புதிய ஊசி ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டு, விலையையும் சொன்னார். எங்கள் கடை பல பூச்சொரிதல் காணவேண்டும். அந்த ஊசியின் பெயரை அன்று நான் கவனிக்கவில்லை. நூலகத்தில் பார்த்தபோதுதான் இரண்டும் ஒன்று எனப் புரிந்தது.

போன செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தவரிடம் மண்டபத்துக் கதை முழுவதையும் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அந்த மொயலு மருந்து எனக்கு வேண்டியிருக்குமா பாப்பா?"

"வேண்டியிருக்காது சித்தப்பா."

"சரி. பேர மட்டும் எழுதிக் குடு."

உப்புப் பொட்டலம் கட்டும் தாளில் பிரென்டுக்சிமாப் வெடோட்டின் என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.